மிச்சம் கொத்தமல்லிக் கட்டில் இல்லை

மாதக் கடைசியில் வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றிப் பேச்செடுத்தால் அது சமையலறையில்தான் போய் நிற்கும். எண்ணெய் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது, கொத்தமல்லிக் கட்டைக் கொசுறாகக் கேட்காமல் காசு கொடுத்தா வாங்கினாய், பாலில் அரை லிட்டரை நிறுத்தினால் என்ன என்று விசாரணை நடக்கும். பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். பத்திரிகைகளில் வரும் சிக்கனக் குறிப்புகளும் இதே திசையில்தான் போகின்றன. சோப்புத் துண்டுகளைச் சேர்த்து உருட்டுங்கள், பற்பசைக் குழாயை வெட்டித் துடைத்தெடுங்கள் என்பார்கள். இவையெல்லாம் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குடும்பத்தின் வரவு செலவை எடுத்துவைத்துக் கூட்டிப் பார்த்தால், தேடும் இடம் ஒன்று, பணம் ஒழுகும் இடம் வேறொன்று என்பது தெரியும். பெரிய ஒழுக்குகள் மூன்று நான்குதான். அவற்றை அடைக்கத் தினமும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வருடத்தில் ஒன்றிரண்டு முறை உட்கார்ந்து யோசித்து எடுக்கும் முடிவுகள் போதும்.

மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜூலை வரை நடத்திய குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு நகரங்களில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு சராசரியாக 8,165 ரூபாய். கிராமங்களில் 5,701 ரூபாய். நால்வர் குடும்பம் என்றால் நகரத்தில் ஏறக்குறைய 32,700, கிராமத்தில் 22,800. இந்தியா முழுவதற்குமான நகர்ப்புறச் சராசரியில் அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்குப் போவது மொத்தச் செலவில் 4 சதவீதத்துக்கும் குறைவு. காய்கறிக்குப் போவதும் 4 சதவீதத்தை ஒட்டித்தான். அதே விகிதத்தை நம் நகரத்துக் குடும்பத்துக்குப் பொருத்தினால் இரண்டுக்கும் சேர்த்து மாதம் 2,600 ரூபாய் வரும். பேரம் பேசி, வீணாக்காமல் சமைத்து, மலிவான கடை தேடி அலைந்து பத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 260 ரூபாய்.

முன்பு கதை வேறாக இருந்தது. 1999-2000 கணக்கெடுப்பில் இந்தியக் கிராமக் குடும்பத்தின் செலவில் 22 சதவீதம் தானியத்துக்கே போனது. நகரத்தில் அது 12 சதவீதம். இப்போது கிராமத்திலும் 5 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. அரிசிப் பானையில் ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டுவைத்த பாட்டிமார் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. வீட்டின் மிகப் பெரிய செலவு எதுவோ அதில்தான் கைவைத்தார்கள். நாம் அவர்களுடைய பழக்கத்தை எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருந்த கணக்கை விட்டுவிட்டோம். இன்றைய நகரக் குடும்பத்தின் உணவுச் செலவில் பெரிய பங்கு பானங்கள், நொறுக்குத் தீனி, ஓட்டல் சாப்பாடு, பாக்கெட்டில் அடைத்த உணவு ஆகியவற்றுக்குப் போகிறது. மொத்தச் செலவில் அது 11 சதவீதம். நம் உதாரணக் குடும்பத்தில் மாதம் 3,600 ரூபாய். சமையலறையில்தான் சிக்கனம் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், குறைந்தபட்சம் சமையலறைக்கு வெளியே வாங்கித் தின்பதையாவது முதலில் பார்க்கலாம்.

இந்தக் கணக்கெடுப்பில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதில் இருப்பதைவிட இல்லாத ஒன்று முக்கியம். கடனுக்குக் கட்டும் வட்டி நுகர்வுச் செலவில் சேராது. ஆகவே எத்தனை சதவீதம் வட்டிக்குப் போகிறது என்பதை அந்த அட்டவணையில் தேடினால் கிடைக்காது. வீட்டுக் கணக்கு நோட்டிலும் அதே கதைதான். பால், மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் செலவு என்ற தலைப்பில் வரும். தவணை மட்டும் கடன் அடைப்பது என்ற கௌரவமான பெயரில் தனியே போய்விடும். தவணையில் எவ்வளவு அசல், எவ்வளவு வட்டி என்று பிரித்து எழுதும் வீடுகள் அரிது. பல தமிழ்க் குடும்பங்களில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அடுத்த பெரிய செலவு வட்டியாகத்தான் இருக்கும். அது செலவாகவே கண்ணில் படுவதில்லை.

நூற்றுக்கு மூன்று வட்டி என்று சாதாரணமாகச் சொல்கிறோம். மூன்று என்பது சின்ன எண்ணாகக் காதில் விழுகிறது. மாதத்துக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். ஐம்பதாயிரம் கைமாற்று வாங்கியவர் மாதம் 1,500 ரூபாய் வட்டி கட்டுகிறார், அசல் அப்படியே நிற்கிறது. மேலே சொன்ன 260 ரூபாய் மிச்சத்தை ஆறு மாதம் சேர்த்தால் இந்த ஒரு மாத வட்டிக்குச் சரியாகும். தெருவோர வியாபாரிகள் வாங்கும் தண்டல் இதைவிடக் கடுமை. பத்தாயிரம் கடன் என்று பேச்சு, கையில் கொடுப்பது 8,500, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூல். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால், நூறு நாளும் சராசரியாக அவர் கையில் இருந்த கடன் தொகை அதில் பாதிதான். ஆண்டுக் கணக்குக்குக் கொண்டுவந்தால் வட்டி விகிதம் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். இதே வியாபாரிகளுக்காகத்தான் மத்திய அரசு 2020 ஜூனில் ஸ்வநிதி கடன் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் வட்டியில் 7 சதவீதத்தை அரசே ஏற்கும். முதல் தவணைக் கடன் 10,000 ரூபாயாக இருந்து, பிறகு 15,000 ஆக்கப்பட்டது. அதற்காக நகராட்சிக்கும் வங்கிக்கும் நாலு முறை நடக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. அந்த நாலு நடையின் கூலி என்ன என்று கணக்குப் போட்டால், வேறெந்தச் சிக்கனமும் அவ்வளவு கூலி தராது.

நடுத்தர வர்க்கத்துக்கு இந்தப் பேச்சு பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். அங்கே வட்டிக்காரர் இங்கிலீஷ் பேசுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்பது சாதாரணம். அதாவது, தண்டல்காரரைத் தவிர்த்துப் பார்த்தால், ஊரில் மூன்று வட்டிக்கு விடுபவரைவிட மாதம் அரை சதவீதம் கூடுதல். முப்பதாயிரம் ரூபாய் பாக்கி வைத்துக்கொண்டு, பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையான 5 சதவீதத்தை, அதாவது 1,500 ரூபாயைக் கட்டுபவர் பொறுப்பாகக் கட்டிவிட்ட நிம்மதியில் இருப்பார். அதில் 1,050 வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 189. அசலில் கழிவது 261 ரூபாய். இதே கதைதான் வட்டியில்லாத் தவணையிலும். பூஜ்யம் சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டியை எங்கோ மறைத்துத்தான் அப்படி விற்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியது. ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி, செயலாக்கக் கட்டணம், அதன் மேல் வரி என்று ஏதோ ஒரு ரூபத்தில் அது வந்துவிடும்.

வண்டிக் கடனில் இன்னொரு கண்கட்டு உண்டு. ஒரு லட்சம் கடன், மூன்று வருடம், பத்து சதவீதம் ‘ஃப்ளாட்’ வட்டி என்பார்கள். வருடத்துக்குப் பத்தாயிரம், மூன்று வருடத்துக்கு முப்பதாயிரம், மாதத் தவணை 3,611. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வரும்போது, முதல் நாள் கொடுத்த முழு லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை வட்டி வசூலிப்பதுதான் இந்த முறை. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இதன் உண்மை வட்டி ஏறத்தாழ 18 சதவீதம். இப்போது இதைக் கண்டுபிடிக்கக் கணித அறிவுகூட வேண்டாம். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன் தரும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை ஒரே தாளில் முக்கிய விவர அறிக்கையாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அந்த ஒரே ஓர் எண்ணை இன்னொரு நிறுவனம் சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டால் போதும். காய்கறிக் கடையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்கக் கால் மணி நேரம் பேரம் பேசுபவர்கள், ஐந்து வருடக் கடனுக்கு ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போடுவது நம் சிக்கனத்தின் விசித்திரம்.

நகைக்கடன் தமிழ்நாட்டுக்கே உரிய பாடம். அவசரத்துக்கு நகையை வைப்பதில் குற்றமில்லை. இருக்கும் கடன்களிலேயே அதுதான் மலிவாகக் கிடைக்கக்கூடியது. எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பணம் இருக்கிறது. ஒரு லட்சத்துக்குப் பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ ஆண்டு வட்டி 9 சதவீதம் என்றால் 9,000 ரூபாய். மாதம் இரண்டு வட்டிக்குத் தெருமுனை அடகுக் கடையில் வைத்தால் 24,000. வித்தியாசம் 15,000, மாதத்துக்கு 1,250 ரூபாய். வங்கியில் காத்திருக்க வேண்டும், தெரிந்தவர் கடை என்றால் ஐந்து நிமிடத்தில் பணம் என்று சொல்வார்கள். அவசரம் வந்த அன்று அது சரி. அவசரம் தீர்ந்த அடுத்த மாதமே நகையை மீட்டு வங்கியில் மாற்றி வைக்க என்ன தடை? ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வரும் விதிகளின்படி, இரண்டரை லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். கடனைத் தீர்த்த பின் நகையைத் திருப்பித் தர ஏழு வேலை நாளுக்கு மேல் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. தெருமுனைக் கடைக்கு இந்த விதி செல்லாது.

பவுன் விலை ஏறிக்கொண்டே போகும்போது நகையை விற்பது முட்டாள்தனம், வட்டி கட்டிக்கொண்டே வைத்திருந்தவர்தான் பிழைத்தார் என்ற எதிர்வாதம் சமீப காலத்தில் பலமாகக் கேட்கிறது. விலை ஏறியது மெய்தான். ஆனால் அந்த ஏற்றத்தால் லாபம் பார்த்தவர்கள் குறைந்த வட்டிக்கு வைத்து, கடைசியில் மீட்டவர்கள். மாதம் இரண்டு வட்டிக்கு வைத்தவர் நாலு வருடத்தில் கடன் வாங்கிய தொகை அளவுக்கே வட்டி கட்டிவிடுகிறார். ஏலத்துக்குப் போன நகைக்கு விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? போதாததற்கு, புது நகை வாங்கும்போதே செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி என்று ஒரு பகுதி போய்விடுகிறது. விற்கும் அன்று அது திரும்பி வராது. சேமிப்புக்காகத் தங்கம் வாங்குகிறேன் என்று சொல்லி, வேலைப்பாடு மிகுந்த ஆரம் வாங்குபவர் சேமிப்பையும் ஆசையையும் ஒரே பில்லில் போடுகிறார். இரண்டும் நியாயமானவையே. எது எவ்வளவு என்று தெரிந்து போட்டால் சரி.

வீட்டுக் கடன் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. 30 லட்சம், எட்டரை சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035. முடியும்போது கட்டியிருக்கும் வட்டி மட்டும் 32 லட்சத்துக்கு மேல். தவணையோடு மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் கடன் 16 வருடம் 9 மாதத்தில் முடிந்துவிடும். மிச்சமாகும் வட்டி ஆறு லட்சத்துக்கு மேல். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. சம்பளம் உயரும் வருடத்தில் ஒருமுறை இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டால், அதற்குப் பிறகு அதை நினைக்கவே வேண்டியதில்லை.

வட்டிக்கு அடுத்து, ஒரு முடிவு எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டு மின்கட்டணத்தைவிட நல்ல பாடம் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டில் இருக்கும் பள்ளம் பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பர் 10 முதல் வந்த அட்டவணைப்படி, மொத்தப் பயன்பாடு 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்குப் பில் 1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், அந்த 2.25 ரூபாய்ச் சலுகையே பறிபோய்விடும். இரண்டாவது நூறுக்கும் 4.50 போட்டு, கடைசி யூனிட்டுக்கு 8 ரூபாய் சேர்த்து, பில் 1,958 ஆகிறது. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 600 யூனிட் என்றால் 2,750. 2024 ஜூலையில் கட்டணம் சற்று உயர்ந்தது, இந்த அமைப்பு மாறவில்லை. லைட்டை அணை, ஃபேனை அணை என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டிருப்பதைவிட, முப்பதாம் நாள் மீட்டரைப் போய்ப் பார்த்து 250க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துகொள்வது அதிகப் பலன் தரும்.

எங்கே குறைப்பது? பழைய சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டைச் சுற்றி. தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் பழையது 54 யூனிட், புதியது 22 யூனிட். மூன்று ஃபேன்களை மாற்றினால் 97 யூனிட் குறையும். 590 யூனிட் ஓடும் வீடு 493க்கு இறங்கும். 2022 அட்டவணைப்படி பில் 2,670லிருந்து 1,683. மூன்று ஃபேனுக்கு ஒன்பதாயிரம் வரை ஆகும் என்றாலும், வெயில் காலச் சுற்றுகளிலேயே இரண்டு மூன்று வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும். ஆனால் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் மட்டுமே ஓடும் வீட்டில் இதே மாற்றம் மிச்சப்படுத்துவது 112 ரூபாய். அந்த வீட்டுக்காரர் பழைய ஃபேன் பழுதாகும்வரை பொறுத்திருப்பதே லாபம். விளம்பரம் இருவருக்கும் ஒரே வாக்குறுதியைத்தான் கொடுக்கும். வாடகை வீட்டுக்காரர்கள் நிலைமை இன்னும் வேறு. பல இடங்களில் வீட்டு உரிமையாளர் துணை மீட்டர் வைத்து, இலவச யூனிட்டும் இல்லாமல், ஸ்லாபும் இல்லாமல், யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் என்று ஒரே விலையாக வசூலிக்கிறார். யூனிட் ஒன்பது ரூபாய் கொடுக்கும் குடியிருப்பாளருக்கு அந்த 97 யூனிட்டின் மதிப்பு 873 ரூபாய். ஃபேனை மாற்ற வேண்டியவர் அவர்தான். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

ஏசி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் குறையும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. ரிமோட்டை எடுத்து 18க்கு இறக்குவதால் அறை வேகமாகக் குளிர்வதில்லை. கம்ப்ரசர் அதிக நேரம் ஓடுகிறது, அவ்வளவே.

இப்போது எதிர்ப்பக்கம். சிறுதுளி பெருவெள்ளம் என்று சொல்லியே வளர்ந்த சமூகம் நாம். தினம் ஒரு டீயைக் குறைத்தால் 15 ரூபாய், மாதம் 450, வருடம் ஐயாயிரத்துக்கு மேல் வருகிறதே, இதை எப்படித் தள்ளுவது? தள்ள வேண்டாம். தொகை உண்மையானது. ஆனால் அந்த ஐயாயிரத்தைச் சேர்க்க வருடம் முழுக்க 365 முறை மனதை அடக்க வேண்டும், ஒரு கல்யாண வீட்டுப் பயணத்தில் பிடி தளர்ந்துவிடும். கடனை இடம் மாற்றுவதற்கு மனதை ஒருமுறை இறுக்கினால் போதும், மிச்சம் மாதாமாதம் தானாக வரும். மனிதரின் கவனம் அளவானது. அதைக் கொத்தமல்லியில் செலவழித்துவிட்டால் கடன் பத்திரத்தைப் படிக்க மிஞ்சாது. இன்னொன்று, சிறு துளியிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாத விதிகள் உண்டு. பெரிய பாக்கெட் வாங்கினால் மலிவு என்பார்கள். கடலூரில் சின்னி கிருஷ்ணன் தொடங்கி வைத்த சாஷே வியாபாரம் வந்த பிறகு, ஷாம்பூவில் பல சமயம் ஒரு ரூபாய்ச் சாஷேயே பாட்டிலைவிட மில்லிக்கு மலிவு. இப்போது பாக்கெட்டிலேயே கிராம் விலை, மில்லி விலை அச்சாகிறது. ‘சலுகைப் பாக்கெட்’ என்ற எழுத்தைப் படிப்பதற்குப் பதில் அதைப் படிக்கலாம்.

சமையலறைச் சிக்கனத்தின் மேல் எனக்கு இருக்கும் கடுமையான குறை வேறு. குறைப்பது என்று இறங்கினால் முதலில் குறைவது பால், முட்டை, பருப்பு, பழம். அதுவும் முதலில் குறைவது பரிமாறுபவரின் தட்டில். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள். இதற்குக் காரணம் சிக்கனம் மட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படிப்பட்ட ஒரு மாநிலத்தில் வீட்டுச் செலவைக் குறைக்கச் சாப்பாட்டிலிருந்து தொடங்கச் சொல்வது பொறுப்பற்ற அறிவுரை. அங்கே மிச்சமாகும் நூறு ரூபாய் மருத்துவமனைச் சீட்டில் ஆயிரமாக எழுதப்படும்.

அடுத்த எதிர்வாதம் இன்னும் கனமானது. வருமானமே போதாத வீட்டில் செலவைக் குறைக்கச் சொல்வது வேடிக்கை, ஒன்பதாயிரத்துக்கு ஃபேன் வாங்க முடிகிறவர் ஏன் மூன்று வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என்பது. இதில் பாதி உண்மை. கூலி உயராமல் சிக்கனத்தால் யாரும் கரையேறியதில்லை. ஆனால் ஏழை வீட்டில்தான் பணத்தின் விலை மிக அதிகம் என்பதால், வட்டியை முதலில் பார் என்ற வாதம் அங்கேதான் அதிகமாகப் பொருந்துகிறது. சுயஉதவிக் குழுவின் வங்கிக் கடனுக்கும் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து வசூலிக்கும் வாரக் கடனுக்கும் இருக்கும் வட்டி வித்தியாசம், அந்த வீட்டின் ஒரு மாதக் காய்கறிச் செலவை மிஞ்சும். வசூல் கெடுபிடிகளைத் தடுக்க 2025ல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

இதே கண்ணோட்டத்தில் அரசுத் திட்டங்களையும் பார்க்கலாம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பெண்கள் அதனால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார்கள் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. யாரும் மனதை அடக்காமல், தட்டில் எதுவும் குறையாமல், ஒரே முடிவில் வந்த மிச்சம் இது. இலவசம் என்று கேலி பேசுபவர்கள் இந்த எண்ணைத் தங்கள் வீட்டுச் சிக்கனக் குறிப்புகளின் பலனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ரேஷனில் கிலோ 30 ரூபாய்த் துவரம் பருப்பும் லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலும் வாங்கக் கூச்சப்படும் நடுத்தரக் குடும்பங்கள் நிறைய உண்டு. தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்குமானது. கூச்சத்துக்கு இடமில்லை.

மருத்துவம் அதைவிட முக்கியம், ஏனென்றால் பல குடும்பங்களை மூன்று வட்டிக்காரரிடம் அனுப்பி வைப்பதே ஆஸ்பத்திரிதான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அட்டை எடுத்துவைக்க வேண்டிய நேரம் நோய் வருவதற்கு முன்பு. அந்த வரம்புக்கு மேலே இருப்பவர்களுக்குத் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை வாங்கும் வீடுகளில், மக்கள் மருந்தகத்துக்கோ, 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகத்துக்கோ ஒருமுறை மாறுவது மாதாமாதம் பலன் தரும். மருத்துவரிடம் மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரக் கேட்டால் போதும்.

கல்யாணம், காதுகுத்து, சீர் என்று சமூகம் போடும் செலவை என்ன செய்வது, அதைத் தனிக் குடும்பம் நிறுத்த முடியுமா? முடியாது, நிறுத்தச் சொல்வதிலும் அர்த்தமில்லை. ஆனால் இந்தச் செலவுக்குள்ளேயே வட்டியில்லாப் பணத்தைச் சுழற்றும் ஏற்பாடும் இருந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்து பெயருக்கு விருந்துதான். உள்ளே நடப்பது, ஒரு குடும்பத்துக்கு மொத்தமாக ஊர் தரும் கடன். நோட்டில் பெயர் எழுதி, அவரவர் முறை வரும்போது திருப்பிச் செய்ய வேண்டும். திருப்பும்போது கூடுதலாகச் செய்யும் வழக்கத்தால் பாரம் ஏறிப்போனவர்களும் உண்டு, முறை பிசகினால் உறவும் கெடும். இருந்தாலும், கிணறு வெட்டவும் பிள்ளையைப் படிக்க வைக்கவும் வட்டிக்குப் போகாமல் மொத்தப் பணம் திரட்டும் வழியை அந்த ஊர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டன. சிக்கனம் பற்றி எழுதுபவர்கள் அந்த நோட்டைக் கொஞ்சம் படிக்கலாம்.

ஆக, எங்கே தொடங்குவது என்று கேட்டால், இருக்கும் கடன்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி, தொகையைப் பார்க்காமல் வட்டி விகிதத்தைப் பார்த்து மேலிருந்து கீழாக அடுக்குவதில் தொடங்கலாம். மேலே நிற்பதை முதலில் அடைக்க வேண்டும். மற்றவற்றுக்குத் தவணை மட்டும். ஒரு நடைமுறை உதாரணம்: அரசுப் போக்குவரத்துக் கழகம், மின்வாரியம் போன்ற பொதுத்துறைத் தொழிலாளிக்குத் தீபாவளிக்கு 20 சதவீத போனஸ் என்றால் கைக்கு வருவது 16,800 ரூபாய். அந்த வீட்டில் மூன்று வட்டிக் கடன் ஐம்பதாயிரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பண்டிகைக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்காதே, பட்டாசு வாங்காதே என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, கேட்கவும் வேண்டாம். 4,800 ரூபாயைத் துணிக்கும் பலகாரத்துக்கும் எடுத்துக்கொண்டு, 12,000 ரூபாயை அசலில் கட்டட்டும். அடுத்த மாதத்திலிருந்து வட்டி 360 ரூபாய் குறையும். அடுத்த தீபாவளிக்குள் அது 4,320 ரூபாய். அந்த வருடத் துணிச் செலவில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும். புது போனஸில் இன்னும் பெரிய தொகையை எடுத்துக்கொண்டு கடன்காரரிடம் போகலாம்.